முப்பது எழுத்துக்கு இடம்

கவுந்தப்பாடிக்குத் தெற்கே, வாய்க்கால் மேட்டில்
பொங்கியண்ணனின் ஆலைக்கொட்டகை.
கொப்பரையில் பாகு கொதிக்கிறது.
மூலையில் மேசை போட்டு
நான் லேபிள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கிலோ பொட்டலம். முன்பக்கம் கரும்புப் படம்.
பின்பக்கம் எடை, விலை, தேதி போக
முப்பது எழுத்துக்கு இடம் மிச்சம்.
"அதுல போட்டுருங் கோகிலவாணி,
சுகர்காரங்களும் சாப்பிடலாம்னு.
மெட்ராஸ்காரங்க அதத்தான் கேக்கறாங்க."

போன தை மாசம் எனக்கே வந்தது.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் சபுரா சிஸ்டர்
மோதிர விரலைக் குத்தினாள்.
இருநூற்று எண்பத்தாறு.
வெளியே நாற்பது பேர் வரிசையில்.
என்னோடு பேச அவளுக்கு இருந்தது
ஒன்றரை நிமிஷம்.
மிச்சத்தை ஃபோனில் பார்த்துக்கொள்ளலாமென்று
பஸ் ஸ்டாப்பிலேயே தேடினேன்.

நீரிழிவு என்று வந்தது.
நீர் தெரியும். இழிவும் தெரியும்.
ரெண்டும் சேர்ந்து என் மேல் ஏறியது எதற்கென்று
தெரியவில்லை.
அடுத்த வாக்கியம் கணையத்தில் தொடங்கி
பீட்டா அணுக்களுக்குள் நுழைந்து
'சுரப்புத்திறன் படிப்படியாகக் குறைவுறும் பட்சத்தில்' என்று
கோபி வண்டி வந்து, ஆளேற்றி, போகும் வரைக்கும்
வினைச்சொல்லைக் கண்ணில் காட்டவில்லை.
கிளைக்கேற்ற ஈமோகுளோபினாம்.
எந்த மரத்துக் கிளை, எந்தக் கிணற்று ஏற்றம்?
பன்னிரண்டாவதில்
தமிழில் தொண்ணூற்றாறு வாங்கியவள் நான்.

அதற்கடியிலேயே ஒரு வீடியோ.
பச்சைத் துண்டு போட்ட ஒருத்தர்.
"வா கண்ணு. வெள்ளச் சக்கரதான் விசம்.
நம்ம நாட்டுச்சக்கர ஒண்ணும் பண்ணாது.
வெந்தயத்த ஊறப்போடு,
மாத்திரையத் தூக்கி வாய்க்கால்ல எறி."
ஒரு சொல் காலைத் தடுக்கவில்லை.
பந்தியில் பக்கத்து இலைக்காரர்
ரசம் வரும்வரை பேசுகிற மாதிரி இருந்தது.
பொய் இப்படி வாய் நிறையப் பேசினால்
திக்கித் திக்கி வருகிற உண்மைக்காக
எவள் காத்திருப்பாள்?

இருபது நாள் வெந்தயம்.
காபிக்கு நம்ம கொட்டகைச் சக்கரையே,
ரெண்டு கரண்டி, தைரியமாக.
இருபத்தோராம் நாள் தண்ணித் தொட்டிப் பக்கம்
கண் மங்கி, நின்றிருந்த கரும்பு லோடின் மேல்
ஸ்கூட்டரை விட்டேன்.

சபுரா திட்டவில்லை.
முழங்காலுக்குக் கட்டுப் போட்டபடி கேட்டாள்:
"கொட்டகைல நீங்க காச்சறது என்னங்கக்கா?"
"கரும்புப் பாலுங்."
"அந்த வெள்ளச் சக்கரைய எதுல காச்சறாங்க?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"நெறந்தாங்க்கா வேற" என்றாள்.
வெளியே அன்றைக்கும் நாற்பது பேர்.
அவள் சொன்னது ரெண்டு சொல்.
அந்த ரெண்டு சொல்
நான் தேடின எந்தத் திரையிலும் இல்லை.

இப்போது லேபிள்.
முதலில் 'நீரிழிவு நோயாளிகள் மருத்துவ ஆலோசனையின் பேரில்'
என்று ஆரம்பித்தேன்.
பேனா பிடித்ததும் எனக்கும் அந்தக் குரல்தான் வருகிறது.
அடித்தேன்.

சுகர் இருக்கறவங்களே, இதுவும் சக்கரைதானுங்க.

விரல்விட்டு எண்ணினேன். இருபத்து நாலு எழுத்து.
ஆறு எழுத்துக்கு இடம் அப்படியே கிடக்கட்டும்.
ஈரோட்டுக்கு அனுப்பினேன்.
அச்சகத்துப் பையன் உடனே கூப்பிட்டான்.
"அக்கா, கடசி வரி… மொதலாளி பாத்துட்டாருங்களா?"
"ம்."
பார்க்கவில்லை. சந்தை ஏலத்தில் இருக்கிறார்.
அவருக்குப் போனதில் ரெண்டு டிக்,
இன்னும் நீலமாகவில்லை.

கொப்பரையிலிருந்து நஞ்சப்பன் வந்து
கரும்புச் சிம்பில் பாகை நீட்டினான்.
"பதம் பாருங்கக்கா."
சொல்லுக்கும் அதுதானே பேர்.
நாக்கு நுனியில் வைத்தேன்.
"இன்னும் ரெண்டு கொதி வரட்டும்."
துப்பிவிடலாமென்று வாசல் வரை போனவள்
விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.
மேசை மேல் ஃபோன்
அதிர்ந்துகொண்டிருந்தது.